இறக்கத்துக்கு எதற்கு எஞ்சின்

நம் பள்ளிக்கூட செட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மூட்டுவலி. எனக்கு இரண்டும் உண்டு, கூடுதலாகக் கார் பயமும் உண்டு. போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் போட்ட படத்தைப் பார்த்ததும் நான் ஏன் குழுவை விட்டே வெளியேறினேன் என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறீர்கள். கோபமெல்லாம் இல்லை. படத்தைப் பெரிதாக்கப் போய் எதையோ அழுத்தினேன், அது வெளியேறுகிற பொத்தானாகப் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தெம்பு இல்லாததால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

படத்தில் இருந்தது ஒரு கார். கொச்சிப் பக்கம் பழைய கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். பாட்டில் பச்சை நிறம், உருண்டைக் கண் விளக்குகள், மூக்கில் செவ்வந்தி மாலை. இடது பக்க மட்கார்டில் ஒரு பள்ளம். கம்பம் பஜாரில் ஒரு கோயில் மாடு முட்டி விழுந்த பள்ளம் அது. முட்டும்போது நான் உள்ளே உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே அவன், “ஏலே, இது ஒங்க அத்தா காருல்ல?” என்று கேட்டிருந்தான்.

ஆமாம், அதுதான். அந்தக் கார் ஒருநாள் என்னைப் பெற்ற அத்தாவைக் கொன்றுவிடும் என்று ஊரே சொன்னது. அம்மா சொன்னாள், மாமாமார் சொன்னார்கள், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர்கூடச் சொன்னார். இப்போது கார் மாலை போட்டுக்கொண்டு கொச்சியில் நிற்கிறது. அத்தா போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அத்தாவுக்குத் திராட்சை வியாபாரம். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் பன்னீர் திராட்சையைக் கொடியில் கிடக்கும்போதே விலை பேசி, குமுளி வழியாகக் கேரளத்துக்கு அனுப்புவார். அப்படிப் போகவர இருந்தபோது, வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் துரை விட்டுவிட்டுப் போன காரைக் கொட்டகையில் பார்த்திருக்கிறார். அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். எஸ்டேட்காரர்களுக்கு அது கோழிக்கூடு. அத்தாவுக்கு மட்டும் அது கார். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் அது எனக்கு மூத்தது. மரியாதையும் அந்த வரிசையில்தான் கிடைத்தது. மழை வந்தால் அத்தா முதலில் காருக்குத் தார்ப்பாய் போடுவார், அப்புறம்தான் வாசலில் நனைந்துகொண்டிருக்கிற என்னைக் கூப்பிடுவார்.

உள்ளே ஏறினால் பெட்ரோலும் பழைய தோலும் நசுங்கிய திராட்சையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். சீட்டுக் கிழிசலிலிருந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்து, டவுசர் போட்ட தொடையைக் குத்தும். கியர் கம்பியின் குமிழ் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அத்தா அதன் தலையில் ஒரு பம்பரத்தைக் கவிழ்த்து மாட்டியிருந்தார். அது என் பம்பரம். என்னைக் கேட்காமல் எடுத்தது. கொச்சியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடிக்குள் கியர் கம்பி தெரியவில்லை.

தெருவில் அதற்குத் ‘துரை காரு’ என்று பெயர். அம்மாவுக்கு அது ‘முசீபத்து’, வீடு தேடி வந்த பீடை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டர் ஒழுகினால் அத்தா நேராக அடுப்படிக்கு வந்து மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துப்போய்க் கொட்டுவார். மஞ்சள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணிக்குப் போடும் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார். ஃபேன் பெல்ட் அறுந்த அன்று அம்மாவின் நூல் சேலை ஒன்றைக் கிழித்து முறுக்கி மாட்டிக்கொண்டு கூடலூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தார்.

“கொழம்பு ஏன் வெள்ளையா இருக்குன்னு கேக்காதீக. மஞ்சத்தூளெல்லாம் ஒங்க மூத்த தாரம் குடிச்சிருச்சு” என்பாள் அம்மா.

“அது நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருக்க முடியும்?” என்று அத்தா சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் வெளியே போய்க் காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார்.

இந்த வைத்தியங்களுக்கெல்லாம் துணை ஒரு மெக்கானிக். கம்பத்தில் ஜீப்புகளைப் பார்க்கிறவர். ஜீப் சாமானைப் போட்டால் எந்த வண்டியும் ஓடும் என்று நம்பினார். வாய் திறந்தால் பொய்தான். துரைமார் காலத்தில் தான் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆளுக்கே வேலை சொல்லிக்கொடுத்ததாகச் சொல்வார், கணக்குப் பார்த்தால் துரைமார் காலத்தில் அவர் தவழ்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரிப்பேர் முடிந்ததும் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு ஒரே வசனத்தைச் சொல்வார்: “இனி ஒண்ணும் ஆகாது ராவுத்தரே. ஒங்க பேரன் ஓட்டுவான்.”

பிரேக்கை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு தடவை மிதித்தால் தரைவரைக்கும் போய்விட்டுச் சும்மா இருக்கும். விட்டு விட்டுப் பலமுறை மிதித்தால்தான் பிடிக்கும். “அதுக்குக் கோவம் வர நேரமாகும் ராவுத்தரே. பொறுமையான வண்டி” என்று மெக்கானிக் சொன்னார். அத்தாவின் கால் அதைப் பழகிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட யோசனையில் அவருடைய வலது பாதம் தரையைத் தட்டித் தட்டி மிதித்துக்கொண்டிருக்கும்.

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்குகிற மலைப்பாதை உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எஸ்டேட் ஜீப்காரர்கள் எல்லாரும் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அடிவாரம் வரை வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வரும். அணைக்காமல் இறங்குகிறவனை வெளியூர்க்காரன் என்று பார்த்துச் சிரிப்பார்கள். “எறக்கத்துக்கு எதுக்குலே எஞ்சின்?” என்று அத்தாவும் சொல்வார். ஆனால் அவருக்கு அது பெட்ரோல் மிச்சத்துக்காக இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கிய காருக்கு அந்த இறக்கத்தில்தான் ஓய்வு என்று உண்மையாகவே நம்பினார். எஞ்சின் அணைந்ததும் அதுவரை இல்லாத காடு கார் ஜன்னலுக்கு வந்துவிடும். சில்வண்டுச் சத்தம், டயருக்கடியில் சருகு நொறுங்குவது, பவர் ஹவுஸுக்கு இறங்குகிற பெரிய குழாய்களுக்கு அருகே வரும்போது ஒரு ஈரக் காற்று. அத்தா அப்போது பேசமாட்டார். நான் பேசினாலும் “ஸ்ஸ்” என்பார்.

சாவி கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். துரை காரின் சாவித்துவாரம் தேய்ந்துபோய், குலுக்கலில் சாவி தானாகக் கழன்று விழும். ஒருமுறை இறக்கத்தில் அப்படி விழுந்த சாவி, காரின் தரைத்தகட்டில் துரு தின்றிருந்த ஓட்டை வழியாக ரோட்டுக்கே போய்விட்டது. ஒரு பகல் முழுக்கத் தேடினோம். கடைசியில் அது ஒரு சாணிக்குள் கிடந்தது. எடுத்தவன் நான். டவுசரில் துடைத்துக் கொடுத்ததும் அத்தா என் வலது கையைப் பிடித்து விரல்களை மூடி, “இன்னயிலேருந்து இதுதான் நம்ம கஜானா” என்றார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைப்பார், சாவியை உருவுவார். “கஜானா, பிடி” என்பார். நான் பிடித்துக்கொள்வேன். அடிவாரம் வந்ததும் “கஜானா, குடு” என்பார். கொடுப்பேன். சாவியைப் போட்டு, கியரில் தள்ளி, உருளும் வேகத்திலேயே எஞ்சினை எழுப்புவார். நம் பள்ளிக்கூடத்தில் மிட்டாய்ப் பங்கைக்கூட என்னிடம் ஒப்படைக்க யாரும் துணிந்ததில்லை. ஆனால் மலையில் ஒரு முழுக் கார் என் கைக்குள் இருந்தது. அந்த நாட்களில் எனக்குக் கார் பயமே கிடையாது என்று சொன்னால் என் மனைவி நம்புவதில்லை.

அந்த வருஷம் சாரல் காலம் கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. அனுமந்தன்பட்டியில் ஒரு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா அத்தாவுக்குப் பக்கத்தில், நான் பின்னால். ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ‘சடக்’ என்று ஒரு சத்தம். அம்மாவின் கால் தரைத்தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே போய்விட்டது. ஓடுகிற காரில் அம்மாவின் பாதம் ரோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. “யா அல்லா” என்று காலை உருவிக்கொண்டாள். செருப்பு போய்விட்டது. கணுக்காலில் தகடு கீறிய இடத்தில் ரத்தம் வழிந்து சேலையில் இறங்கியது.

அத்தா காரை நிறுத்தினார். விட்டு விட்டு மிதித்ததில், அது பொறுமையாகத்தான் நின்றது. இறங்கிப் பின்னால் நடந்து, ஈரத்தில் கிடந்த செருப்பை எடுத்துவந்து கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்து, “ஒரு தகடு வச்சு வெல்டு அடிச்சாச் சரியாப் போகும்” என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுக்கொண்டு, எனக்குச் சோறு போட்டுவிட்டு, அத்தாவிடம் சொன்னாள்: “எனக்குக் காலு போனா ஒத்தக் காலோட இருந்துக்கிருவேன். நீங்க போயிட்டீகன்னா நான் என்ன செய்ய? ஒண்ணு அது இங்கன இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

மறுநாள் அம்மாவின் அண்ணன்மார் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பெரிய மாமா ஜவுளிக்கடை, சின்ன மாமா அரசாங்க உத்தியோகம். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, அதனால் தைரியமாகப் பேசினார்கள்.

“மச்சான், ஒங்க உசுரு ஒங்களோடது மட்டுமில்ல” என்றார் பெரிய மாமா.

“இப்ப வர்ற காரெல்லாம் பாத்தீகளா? பிரேக்கத் தொட்டாப் போதும், அப்படியே நிக்குது. பூட்டுகூட அம்புட்டுப் பத்தரமாம். திருடன் தொட முடியாதாம்” என்றார் சின்ன மாமா.

அத்தா, “நம்ம காரத் திருட எவன் வரப்போறான்? ஸ்டார்ட் பண்ணவே அவனுக்கு நாலு ஆளு வேணுமே” என்று சிரிக்கப் பார்த்தார். மாமாமார் மெக்கானிக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்று அம்மாவின் கால்கட்டைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையைச் சொன்னார்: “அடித்தகடு பூராம் போயிருச்சு ராவுத்தரே. பொடி.”

கோட்டயத்துக்காரர் ஒருவர் வந்து துரை காரை வாங்கிக்கொண்டார். பழைய கார் சேர்க்கிற பைத்தியம், அத்தாவின் ஜாதி. மட்கார்டு பள்ளத்தைத் தடவிப் பார்த்து, “இது இங்கனயே இருக்கட்டே” என்று பாதித் தமிழில் சொன்னதும் அத்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகிவிட்டது. அந்த ஆளை உட்காரவைத்து மஞ்சள், சோப்பு, பிரேக்கின் குணம் எல்லாவற்றையும் மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். என் பம்பரமும் கியர் கம்பியோடு போயிற்று.

புதுக் கார் வெள்ளை நிறம், சின்ன உடம்பு. சீட்டில் உறித்த பிளாஸ்டிக்கின் மணம். கதவு ‘தப்’ என்று ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது. சாவிக்குக் கறுப்புத் தலை. கனமே இல்லை. புதுக் காருக்கு எலுமிச்சம்பழமோ கற்பூரமோ காட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மா பிஸ்மி சொல்லி ஏறி உட்கார்ந்து, காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தரை கெட்டியாக இருந்தது. அன்றைக்குக் குழம்பு நல்ல மஞ்சளாக இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாரலும் அந்த வாரத்தோடு விட்டது.

வாங்கிய சில நாளில் அத்தா அதை முதன்முதலாகக் குமுளிக்கு எடுத்துப் போனார். பள்ளி விடுமுறை, நானும் போனேன். ஏற்றத்தில் அது மூச்சே விடவில்லை. அத்தாவுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேலே கடைக்காரர்களைப் பார்த்தோம், எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். மத்தியான வெயிலில் திரும்பினோம்.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அத்தா எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். “கஜானா, பிடி” என்றார். பிடித்துக்கொண்டேன்.

காடு ஜன்னலுக்கு வந்தது. துரை காரைவிடப் புதுக் கார் இன்னும் சத்தமில்லாமல் உருண்டது. அத்தா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், ‘பரவாயில்ல போலருக்கே’ என்கிற மாதிரி. முதல் வளைவுக்கு முன்னால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார்.

‘டக்.’

அவ்வளவுதான் சத்தம். பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி. ஸ்டியரிங் அப்படியே நின்றுவிட்டது. அத்தா அதை இரண்டு கையாலும் இழுத்தார். மரத்தைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பிறகு அவருடைய கால் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. விட்டு விட்டு மிதித்தது. முதல் மிதிக்குக் கார் நன்றாகத் தயங்கியது. கால் அதை விட்டுவிட்டு மறுபடி மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் இறுகிக்கொண்டே போய்க் கடைசியில் கல்லாகிவிட்டது. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்திருக்கிறது. துரை காரில் அது பேருக்குத்தான் என்பதால் அத்தாவின் கைக்கு அது தெரியவே தெரியாது.

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். “கஜானா, குடு” என்று கேட்கவேயில்லை. சாவிக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வளைவு வலது பக்கம் திரும்பியது. நாங்கள் நேராகப் போனோம்.

கட்டைச்சுவரில் மோதியதில் என் பக்கத்துக் கதவு திறந்து நான் உண்ணிச்செடிப் புதரில் விழுந்தேன். கார் சுவரைத் தாண்டிக் கீழே போயிற்று. அது போகிற சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அதற்குமேல் உண்ணிப்பூவின் காட்டமான வாசனையும், யாரோ ஒரு ஜீப்காரர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும்தான் ஞாபகம். அவர் ஜீப்பை எஞ்சின் போட்டுத்தான் இறக்கினார்.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் போனால் எங்களில் பெண்கள் நான்கு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அறை வாசலில் ஒரு திரை தொங்கியது. வருகிறவர்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் தீர்ந்ததும் வேறு பேச்சு ஆரம்பித்தது. அத்தாவின் அக்கா, எனக்கு மாமி, திரைக்கு அந்தப் பக்கமே போய் உட்கார்ந்து அழுதார்: “அந்தக் காரு அவன எத்தன வருசம் சொமந்துச்சு, ஒரு கீறல் விழுந்துச்சா? பச்சக் காரப் பிரிச்சு, வெள்ளக் காருல ஏத்தி அனுப்பிட்டியேடீ. வெள்ளத் துணி மாதிரி.”

அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மாமாமாரும் தங்கள் பேச்சை மறந்துவிட்டு, “நாங்க சொல்லல, எங்க தங்கச்சிதான் ஒத்தக் காலுல நின்னுச்சு” என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். மெக்கானிக் மலைக்குப் போய் நசுங்கிய காரைப் பார்த்துவிட்டு வந்தார். திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று அம்மாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு வாசலுக்கு வந்து கூடியிருந்தவர்களிடம், “பிரேக்கு சுத்தமா இல்ல. போயிருச்சு. இந்தப் புதுக் காருக இம்புட்டுத்தான்” என்றார். பொய்யர் சொன்னது என்பதால் யாரும் நம்பவில்லை. பழி அம்மாவிடமே தங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் யாராவது புதுக் கார் வாங்கியதைப் பற்றிப் பேச்சு வந்தால் பேசுகிறவர்கள் அம்மாவைப் பார்த்து நிறுத்துவார்கள். அம்மா தண்ணீர் குடிப்பாள். செய்த தப்பை நினைத்துத்தான் அப்படி வாயை மூடியிருக்கிறாள் என்று நானும் வெகு காலம் நினைத்தேன்.

நான் கார்ப் பக்கமே போகாமல் நாற்பது வயதுவரை தள்ளிவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அதற்குப் பயந்து பஸ்ஸில்தான் போவேன், பஸ்ஸிலும் டிரைவர் ஸ்டியரிங் திருப்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே போவேன். கம்பத்திலிருந்து தேனி போவதற்குள் டிரைவரைவிட நான்தான் அதிகம் வேர்த்திருப்பேன். கடைசியில் என் மனைவி, “ஒங்களக் கட்டுனதுக்கு ஒரு தூணக் கட்டியிருக்கலாம்” என்று சொல்லி டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சொல்லிக்கொடுத்தவன் என் பாதி வயசுப் பையன். காரை ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தி, அணைத்து, சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான். “சும்மா ஸ்டியரிங்கத் திருப்பிப் பாருங்க சார்” என்றான். திருப்பினேன்.

‘டக்.’

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். நிற்கிற காரிலிருந்து உயிர் தப்பி ஓடிய ஒரே மாணவன் நான்தான் என்று அந்தப் பையன் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறானாம். மருந்தடித்து நீலம் பாய்ந்த திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஓடி, வாய்க்காலில் ஒரு செருப்பை விட்டு, பந்தல் கம்பியில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து எட்ட நின்றான்.

“என்ன சார் ஆச்சு? சாவிய எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கிரும், அம்புட்டுத்தான். திருடன் தள்ளிட்டுப் போயிறக் கூடாதுல்ல.”

“எல்லாக் காரும் அப்படித்தானா? அந்தக் காலத்துக் காருமா?”

“ரொம்பப் பழசுல இருக்காது. அப்புறம் வந்ததெல்லாம் அப்படித்தான்.”

“ஓடும்போது எடுத்தா?”

அவன் சிரித்துவிட்டான். “ஓடுற வண்டியில எந்தக் கிறுக்கன் சார் சாவிய எடுப்பான்?”

அவனிடமே மெதுவாகக் கேட்டேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் என்ன ஆகும் என்று. அதற்கும் பதில் வைத்திருந்தான்: ஒரே மிதியாக அழுத்திப் பிடித்தால் நிற்கும், விட்டு விட்டு மிதித்தால் கல்லாகிவிடும். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய கணக்கு தானாகச் சரியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் காரிலும் அத்தா துரை காரைத்தான் ஓட்டியிருக்கிறார்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஊர் போட்ட பழியை அவள் இறக்கி வைக்கலாம் இல்லையா? ஆனால் என் தைரியம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு காரையும் வாங்கி, பல வருஷமாக அதை முப்பது வேகத்துக்கு மேல் விடாமல் ஓட்டிக்கொண்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அப்போதுதான் இந்தப் படம் வந்தது.

போன வாரம் குமுளியில் அம்மாவின் தங்கை வீட்டு நிக்காஹ். அத்தா போனதிலிருந்து அந்த மலைப்பாதையில் காலே வைக்காத அம்மா, “நான் வர்றேன், ஓங் காருலயே வர்றேன்” என்றாள். என் மனைவி, “உசுரோட பிரியாணி சாப்பிடணும்” என்று சொல்லிச் சொந்தக்காரர்களின் வேனில் ஏறிக்கொண்டாள். திரும்பும்போதும் காரில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

செக்போஸ்ட்டைத் தாண்டினோம். நான் இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கை மாட்டுக் கொம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எஞ்சின் உறுமியது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. கட்டைச்சுவர் வந்தது, புதிதாக வெள்ளையடித்திருந்தது. உண்ணிப்பூ அப்படியே இருந்தது. தாண்டினோம். அப்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, பூட்டு, பிரேக், சாவி. “நீ சொல்லிப் புதுக் காரு வாங்குனதுல தப்பே இல்லம்மா” என்று முடித்தேன்.

அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

“தெரியும்லே” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஆசுபத்திரியில ஓங் கைய வெரிக்க நர்சம்மாவால முடியல. ஒவ்வொரு வெரலா நாந்தான் பிரிச்சு எடுத்தேன். உள்ள சாவி இருந்துச்சு. கேட்டா, கஜானாவாம். எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல. பெறகு அந்த மெக்கானிக்கு வந்து தெரைக்கு முன்னால நின்னு கேட்டாரு. வண்டியில சாவி இல்லியே தாயி, சாவிய எடுத்தா ஸ்டியரிங்கு பூட்டிக்கிருமே, சாவி எங்கனன்னு. அது அப்ப என் மடியில இருக்கு. எங்கயோ விழுந்திருக்கும்ணேன்னு சொன்னேன். அவரு புரிஞ்சுக்கிட்டாரு. வெளிய போயி பிரேக்கு இல்லன்னு சொல்லிட்டாரு.”

மெக்கானிக் சொன்ன பொய்களிலேயே அந்த ஒன்றுக்குத்தான் நான் அவர் காலைத் தொட்டிருக்க வேண்டும். அவரும் போய்விட்டார்.

“ஏம்மா சொல்லல? மாமி அம்புட்டுப் பேசுனாகளே.”

“சொன்னா, சாவி யாரு கையில இருந்துச்சுன்னு கேப்பாகல்ல? பத்து வயசுப் பயலப் பாத்து ஊரே கேக்கும். கேக்குறத என்னயக் கேட்டுட்டுப் போகட்டும்.” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “இத்தா முடிஞ்சு மொத மொத வெளிய போனப்ப சாவிய ஆத்துப் பாலத்துலேருந்து தண்ணியில போட்டுட்டேன்.”

எனக்குக் கண் மறைத்தது. மலையில் கண் மறைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பையன் சொல்லித்தரவில்லை. ஓரங்கட்டினேன். ஒரே மிதி, அழுத்திப் பிடித்தேன், நின்றது. பின்னால் வந்த வண்டிகள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. கடைசியாக எஸ்டேட் பெண்களை ஏற்றிய ஒரு ஜீப் வந்தது. அது வருவதே தெரியவில்லை. டயருக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும் எங்களைத் தாண்டிக் கீழே போயிற்று.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எஞ்சின அமத்திட்டுப் போறான்லே. ஆரன அடி.”

ஹாரனை அடித்தேன். ஜீப் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் என் கை அதிலிருந்து வரவில்லை. அம்மாதான் விரல்களைப் பிடித்து எடுத்துவிட்டாள்.